சில்லறை லாபமும் பிள்ளைகளின் எதிர்காலமும்

வண்டியூரில் பலசரக்கும் பெட்டிக்கடையும் நடத்தும் நமக்கும் கஞ்சாவுக்கும் என்ன தொடர்பு என்று வணிக அன்பர்கள் கேட்கலாம். தொடர்பு நமது கடை அலமாரியிலேயே இருக்கிறது.

பதின்வயதுப் பையன்கள் கஞ்சாவைப் பல விதமாக உட்கொள்கிறார்கள். சிகரெட், பீடியிலுள்ள புகையிலையை உதிர்த்துவிட்டுக் கஞ்சாவை அடைப்பது ஒரு வகை. ரோலிங் பேப்பரில் சுருட்டிப் புகைப்பது இன்னொரு வகை. மூன்றாவது, கஞ்சா சாக்லேட். புகை சில நிமிடங்களில் போதை ஏற்றும். தின்றது ஏற அரை மணி முதல் இரண்டு மணி நேரம் வரை ஆகும். ‘ஒன்றும் செய்யவில்லையே’ என்று மேலும் தின்னும் பிள்ளைக்கு ஆபத்து அதிகம்.

இத்தகைய சாக்லேட்டுகள் தமிழகத்தில் பெட்டிக்கடைகளிலேயே பிடிபட்டுள்ளன. எனவே பில்லும் தயாரிப்பாளர் முகவரியும் இல்லாத மிட்டாயை எவர் கொடுத்தாலும் வாங்கி வைக்க வேண்டாம்.

18 வயதுக்குட்பட்டோருக்குச் சிகரெட், பீடி விற்பது 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். சிறுவர்க்குப் புகையிலையோ போதைப்பொருளோ கொடுப்போருக்கு 2015ஆம் ஆண்டு இளஞ்சிறார் நீதிச் சட்டம் 7 ஆண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது.

வயது கேட்டால் வாடிக்கை போய்விடும் என்று சிலர் தயங்குகிறார்கள். அந்தப் பையனின் வீட்டிலிருந்துதான் மாதந்தோறும் நமக்கு மளிகைச் சிட்டை வருகிறது என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. போதையில் சிக்கிய பிள்ளையின் பெற்றோருக்கு 14446 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணைச் சொல்லுவோம்.