தாய்வீடு போகையில் விட்டுப்போகும் இரண்டாவது ஊசி

மசக்கை தாங்காமல் மூன்றாம் மாதமே அம்மா வீட்டுக்குப் போகும் பெண்கள் நம் ஊரில் ஏராளம். இரணஜன்னியைத் தடுக்கும் முதல் டி.டி. ஊசியைப் புகுந்த வீட்டு ஊரில் போட்டிருப்பார்கள். நான்கு வாரம் கழித்து இரண்டாவதைப் போட வேண்டிய நேரத்தில் வேறு ஊரில் இருப்பார்கள். இந்த ஊர் நர்ஸ், அங்கே போட்டிருப்பார்கள் என்று நினைப்பார். அந்த ஊர் நர்ஸுக்கு இந்தப் பெண் வந்திருப்பதே தெரியாது.

இதுவரை ஊசியே போடாதவருக்கு ஒரே ஊசியால் போதிய எதிர்ப்புச் சக்தி கிடைக்காது. இரணஜன்னிக் கிருமி மண்ணிலும் சாணத்திலும் இருப்பது. அதை அடியோடு ஒழிக்க வழியில்லை. சுத்தமில்லாத கருவியால் தொப்புள்கொடியை அறுத்தாலோ, அந்தப் புண்ணில் எதையாவது பூசினாலோ பச்சிளம் சிசுவுக்குத் தொற்றும். நன்றாகப் பால் குடித்த குழந்தை திடீரென்று குடிக்க முடியாமல் போய், உடல் விறைக்கும். பிறந்த குழந்தைக்கு ஊசி போட்டு அந்த முதல் சில நாட்களுக்குள் காப்பாற்ற முடியாது. தாயின் உடலில் உருவாகி நஞ்சுக்கொடி வழியே போகும் எதிர்ப்புச் சக்திதான் அதற்குக் காவல். இந்தியா 2015இல் தாய்-சேய் இரணஜன்னியைக் கட்டுப்படுத்திய நாடாக அறிவிக்கப்பட்டது. ஊசி விட்டுப்போனால் அந்த நிலை நீடிக்காது.

இந்த ஊசியில் உயிருள்ள கிருமி இல்லை. கருவைக் கலைக்கும், குழந்தையைப் பாதிக்கும் என்ற பயத்துக்கு ஆதாரமும் இல்லை. இப்போது போடப்படுவது தொண்டை அடைப்பானையும் சேர்த்துத் தடுக்கும். முந்தைய கர்ப்பத்தில் இரண்டு ஊசியும் போட்டு மூன்று ஆண்டுக்குள் மீண்டும் உண்டானால் ஒன்றே போதும். 36 வாரத்துக்குள் முடிப்பது நல்லது. தாண்டிவிட்டாலும் போட வேண்டும். ஒன்றுகூடப் போடாமல் வலியோடு வந்தவருக்கும் போடச் சொல்கிறது அரசு வழிகாட்டுதல். ஆகவே "இனிமேல் எதற்கு" என்று யாரும் திருப்பி அனுப்பக் கூடாது.

எந்த ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இது இலவசம். தாய்-சேய் நல அட்டையைக் கையோடு எடுத்துப் போங்கள். என்ன ஊசி, அடுத்தது எப்போது என்று கேட்டு, தேதியை அதில் எழுதி வாங்குங்கள். கேட்பது உங்கள் உரிமை.

கக்குவான் இருமலுக்கு அரசு இலவசத் திட்டத்தில் கர்ப்பிணிக்கு ஊசி இல்லை. குழந்தைக்கு அதற்கான முதல் ஊசி ஆறாவது வாரத்தில்தான். நடுவிலுள்ள நாட்களில் அந்த இருமல் சிசுவின் மூச்சையே நிறுத்தக்கூடும். கர்ப்பத்தின் 27 முதல் 36 வாரத்துக்குள் தாய்க்குப் போடும் ஊசி தனியாரிடம் காசுக்குக் கிடைக்கிறது. அதை அரசு இலவசப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஃப்ளூ ஊசி பற்றியும் மருத்துவரிடம் கேளுங்கள்.

தட்டம்மை-ரூபெல்லா, சின்னம்மை ஊசிகளில் உயிருள்ள கிருமி இருப்பதால் கர்ப்பத்தில் தவிர்க்க வேண்டும். தெரியாமல் போட்டுக்கொண்டாலும் அதற்காகக் கருவைக் கலைக்க வேண்டியதில்லை. நாய் கடித்தால் மட்டும் தயங்கவே கூடாது. காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் கால்மணி நேரம் கழுவிவிட்டு, அன்றே ஊசி போட வேண்டும். "வயிற்றில் பிள்ளை இருக்கிறதே" என்று தள்ளிப்போட்டால் தாய், பிள்ளை இருவர் உயிருக்கும் ஆபத்து.

டி.டி. ஊசி போட்ட கையில் வலி, வீக்கம், லேசான காய்ச்சல் ஓரிரு நாள் இருக்கலாம். ஊசி போட்டபின் அரைமணி நேரம் அங்கேயே இருங்கள். மூச்சுத் திணறல், உடலெங்கும் தடிப்பு வந்தால் உடனே சொல்லுங்கள்; வீட்டில் வந்தால் 108. கடுமையான பின்விளைவைப் பதிவுசெய்து விசாரிப்பது சுகாதாரத் துறையின் கடமை. ஊசி இல்லை என்றோ, வேறு ஊர்க்காரர் என்றோ மறுத்தால் நிலைய மருத்துவ அலுவலரிடம் கேளுங்கள். அங்கும் தீராவிட்டால் 104க்கு அழைத்து, நிலையத்தின் பெயரையும் தேதியையும் சொல்லிப் புகார் செய்யலாம்.