கணினியை மாற்றினால் கையொப்பமும் கூடவே வருமா?

சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையில் நகைக்கடை வைத்திருக்கும் ஒருவர், கடையை பஃபலோ சாலைக்கு மாற்றும்பொழுது, சுவரில் மாட்டியிருந்த அத்தாட்சிப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு, நகையில் முத்திரை குத்தும் அச்சை மட்டும் பழைய பெட்டகத்திலேயே விட்டுச் சென்றால், புதிய கடையில் முத்திரை இட இயலுமா? புதிய கணினிக்கு மாறும் மென்பொருள் ஆசிரியர் பலர் செய்யும் பிழை இதுவே.

மென்பொருளுக்கு முத்திரை எதற்கு? அதனை ஆக்கியவர் இன்னார் என்பதையும், வழியில் எவரும் அதைத் திருத்தவில்லை என்பதையும் நாம் நிச்சயித்துக்கொள்வதற்கே.

அந்த முத்திரையை இடும் அச்சுதான் இரகசியச் சாவி. அம்முத்திரை யாருடையது என்று நம்பிக்கைக்குரிய நிறுவனம் பகிரங்கமாக உரைக்கும் பத்திரமே சான்றிதழ். சிங்கப்பூரில் 1997இல் நெட்ரஸ்ட் நிறுவனம் அத்தகைய சான்றிதழ் வழங்கத் தோன்றியது. 1998இல் வந்த மின்னியல் பரிவர்த்தனைச் சட்டம் மின்கையொப்பத்துக்குச் சட்ட அந்தஸ்து தந்தது.

ஆகவே, சாவி கணினியிலேயே இருந்தால், சான்றிதழோடு சாவியையும் சேர்த்துக் கடவுச்சொல்லால் பூட்டிய பிஎஃப்எக்ஸ் கோப்பாக்கி, புதிய கணினியில் நிறுவி, அது இயங்குவதைச் சோதித்தறிந்த பின்னரே பழைய பிரதிகளை அழிப்பது முறை. சாவியை வெளியே எடுக்க இயலாதபடி முன்பே பூட்டியிருந்தாலோ, புதிய சான்றிதழ் பெறுவதன்றி வேறு உபாயமில்லை.

கோப்பாகக் கிடக்கும் சாவியைத் திருடர் பிரதியெடுக்கலாம் அல்லவா? அதனால்தான், 2023 ஜூன் 1 முதல் வழங்கப்படும், பொதுவாக நம்பப்படும் மென்பொருள் கையொப்பச் சான்றிதழ்களுக்கு உரிய சாவி, பிரதியெடுக்க இயலாத பாதுகாப்பு வன்பொருளில் இருக்கவேண்டும் என்பது சர்வதேசத் தொழில்துறை விதி. அது யூஎஸ்பி டோக்கனாயின், கழற்றி மறு கணினியில் செருகி, உரிய இயக்கியை நிறுவினால் போதும். தொலைந்தாலோ, சான்றிதழை ரத்துசெய்யத் தாமதமின்றி விண்ணப்பியுங்கள்.