வெள்ளாற்றங்கரை ஊரும் ஊராட்சியும்



வரலாறு என்றதும் தஞ்சையும் மதுரையும் காஞ்சியும் நம் நினைவுக்கு வருகின்றன. சிற்றூருக்கு ஏது வரலாறு என்று கேட்போர் உளர். அவர்களுக்கு விடையாக, கடலூர் மாவட்டத்துச் சேத்தியாத்தோப்பை இன்று எடுத்துக்கொள்கிறேன்.

மேற்கே சென்றால் பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்ற விருத்தாசலம். கிழக்கே சென்றால் சிதம்பரம். இரண்டுக்கும் இடையே, வெள்ளாற்றின் கரையில் இவ்வூர் அமைந்திருக்கிறது. ஆற்றின் குறுக்கேயுள்ள அணைக்கட்டின் அருகே நின்று, வெள்ளாற்று ராஜன் வாய்க்காலில் நீர் பிரிந்து ஓடுவதைக் கண்டபோது எனக்கு ஓர் எண்ணம் தோன்றியது. நீரைப் பங்கிடத் தெரிந்த மக்களே ஊரை ஆளவும் கற்றார்கள் என்பதே அது.

இதற்குச் சான்று தொலைவில் இல்லை. ஊருக்குத் தெற்கே விரிந்து கிடப்பது வீராணம் ஏரி. முதலாம் பராந்தக சோழனுக்கு வீரநாராயணன் என்ற பெயரும் உண்டு. அப்பெயரே ஏரிக்கு வழங்கலாயிற்று. அவன் மகன் இராசாதித்தன் காலத்தில் இவ்வேரி வெட்டப்பட்டதாகக் கூறுவர்.

அதே பராந்தகனின் ஆட்சியில்தான், 919, 921 ஆகிய ஆண்டுகளில், உத்தரமேரூரின் புகழ்பெற்ற கல்வெட்டுகள் பொறிக்கப்பட்டன. குடவோலை முறையில் ஊர் வாரியங்களைத் தேர்ந்தெடுக்கும் விதிகளை அவை கூறுகின்றன. ஏரியைக் காக்க ஆறு பேர் கொண்ட ஏரி வாரியம் ஒன்று இருந்தது. உறுப்பினரின் பதவிக்காலம் 360 நாட்கள். முன்பு பதவியிலிருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் வர இயலாது. அவருடைய நெருங்கிய உறவினருக்கும் அத்தடை உண்டு. நிலமும் வேதக் கல்வியும் உடைய ஆடவரே அச்சபையில் இடம்பெற முடிந்தது என்பதை நாம் மறைக்கவேண்டியதில்லை. ஆயினும் கணக்குக் காட்டாதவனுக்குப் பதவியில்லை என்ற நெறி எந்நாளும் போற்றத்தக்கது.

இக்காலத்து நகராட்சி முறைக்கு 1882இல் ரிப்பன் பிரபு வெளியிட்ட தீர்மானம் ஊக்கமளித்தது. 1993இல் நடைமுறைக்கு வந்த 74ஆவது அரசியலமைப்புத் திருத்தம் அதற்கு உறுதியான அடித்தளம் இட்டது. சேத்தியாத்தோப்பு இன்று ஒரு பேரூராட்சி. குடிநீர், தெருவிளக்கு, வடிகால், துப்புரவு ஆகியவை அதன் பொறுப்புகள். வீட்டுக்குச் செலுத்தும் சொத்து வரி அதன் வருவாய்களுள் ஒன்று. ஐந்தாண்டு முடியும் முன்னரே புதிய தேர்தல் நடைபெறவேண்டும் என்பது சட்டம். ஆனால் நடந்தது என்ன? 2016 அக்டோபரில் முந்தைய மன்றங்களின் காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரியில்தான் நடந்தது. இடைப்பட்ட ஐந்தாண்டுகளுக்கு மேலாகத் தமிழ்நாட்டுப் பேரூராட்சிகளில் மக்கள் தேர்ந்த மன்றம் இல்லை. தனி அலுவலர்களே நிருவகித்தனர். அந்நாட்களில் தெருவில் குழாய் உடைந்தால், தன் வாக்கைப் பெற்ற ஒருவரிடம் சென்று ஏன் என்று கேட்கும் வாய்ப்புக் குடிமகனுக்கு இல்லாமற்போயிற்று.

இவ்வூரில் அக்கேள்விக்குத் தனிப் பொருளுண்டு. 2004ஆம் ஆண்டு முதல் வீராணத்து நீர் சேத்தியாத்தோப்பிலிருந்து வடக்குத்துக்கு ஏற்றப்பட்டு, அங்கே தூய்மை செய்யப்பட்டு, இருநூறு கிலோமீட்டருக்கும் அப்பால் சென்னைக்குச் செல்கிறது. நாளொன்றுக்கு 18 கோடி லிட்டர் வரை கொண்டுசெல்லும் திட்டம் அது. அதே ஏரியை நம்பி ஏறத்தாழ 45,000 ஏக்கர் நிலமும் இருக்கிறது. ஏரியின் மதகைத் திறப்பது நீர்வளத்துறை. சென்னைக்கு நீர் கொண்டுசெல்வது சென்னைக் குடிநீர் வாரியம். ஊர்க்குழாய்க்குப் பொறுப்புப் பேரூராட்சி. நகரத்தின் தாகமும் நியாயமானது. உழவனின் பயிரும் நியாயமானது. மழை பொய்க்கும் ஆண்டில் இவ்விரு நியாயங்களும் மோதும். அப்போது எந்த அலுவலகத்தில் எதைக் கேட்பது என்று அறியாத குடிமகன், வாய்க்கால் கரையில் வெறுங்கையோடு நிற்பான்.

ஆகவே மாணவ நண்பர்களே, உங்கள் ஊரின் ஆட்சிமன்றம் எது, அதன் வரவு எவ்வளவு, செலவு எதற்கு என்று விசாரித்து அறியுங்கள். பேரரசர்களின் போர்களை மனப்பாடம் செய்யும் நீங்கள், உங்கள் தெருக்குழாயின் வரலாற்றையும் அறியவேண்டாமா? கணக்குக் கேட்கும் மக்கள் உள்ள ஊரே நன்றாக ஆளப்படும் ஊர்.