கட்டிலருகே மலரும் மகிழ்ச்சி

மருத்துவமனை என்றதும் மருந்து வாடையும், முனகலும், கண்ணீருமே நம் நினைவிற்கு வருகின்றன. ஆயினும் மகிழ்ச்சி பொங்கும் வேளைகளும் அங்கு உண்டு. தாய்நாட்டை விட்டுக் கடல் கடந்து சென்று, ஆப்பிரிக்கத் துறைமுகங்களில் நிற்கும் மருத்துவமனைக் கப்பல்களில் தொண்டாற்றும் செவிலியரின் பணியை எடுத்துக்கொண்டு, அந்த மகிழ்ச்சி எங்கிருந்து பிறக்கிறது என்று சிறிது ஆராய்வோம்.

'மெர்சி ஷிப்ஸ்' என்னும் கிறிஸ்தவத் தொண்டு நிறுவனத்தை 1978-ஆம் ஆண்டு தொடங்கியவர்கள் டான் ஸ்டீபன்ஸ் என்னும் அமெரிக்கரும் அவர் துணைவியார் டியானும் ஆவர். கல்கத்தாவில் புனித அன்னை தெரசாவைச் சந்தித்தது டான் ஸ்டீபன்ஸுக்குப் பெரும் ஊக்கமளித்தது. அவர்களுடைய முதல் கப்பலின் பெயர் 'அனஸ்தாசிஸ்'. கிரேக்க மொழியில் உயிர்த்தெழுதல் என்பது அதன் பொருள். 2007-இல் பணிக்கு வந்த 'ஆப்பிரிக்கா மெர்சி', முன்பு டென்மார்க்கில் ரயில் பெட்டிகளை ஏற்றிச் சென்ற கப்பல். ரயில் பெட்டிகள் நின்ற தளமே வார்டுகளாகவும் அறுவை அரங்குகளாகவும் மாறியது! 'குளோபல் மெர்சி' என்னும் புதிய கப்பல் 2023-இல் செனகல் நாட்டு டக்கார் துறைமுகத்தில் அறுவைப் பணியைத் தொடங்கியது. சிகிச்சை இலவசம். செவிலியருக்கோ ஊதியம் இல்லை. தங்கள் செலவையும் தாங்களே ஏற்கின்றனர்.

முதலில் குழந்தைகளைப் பார்ப்போம். மேலண்ணம் பிளந்து பிறந்த குழந்தையால் பாலை உறிஞ்ச முடியாது. குடித்த பாலும் மூக்கின் வழியே வெளிவரும். ஆகவே அது எலும்பும் தோலுமாய் இருக்கும். மெலிந்த குழந்தைக்கு மயக்க மருந்து கொடுப்பது ஆபத்து. பத்து வாரம், பத்து பவுண்டு எடை, நூறு மில்லி இரத்தத்தில் பத்து கிராம் ஹீமோகுளோபின் என்பது உதட்டுப் பிளவு அறுவைக்கு மருத்துவர்கள் வழிவழியாகக் கொண்ட கணக்கு. எனவே செவிலியர் தாய்க்குப் பாலூட்டும் முறையைப் பொறுமையாகக் கற்றுத் தருகின்றனர். குழந்தையைத் தவறாமல் எடை பார்க்கின்றனர். தராசு முள் சிறிது ஏறிவிட்டால் தாயின் முகத்தில் தோன்றும் ஒளிக்கு ஈடு உண்டோ?

கண்புரை நீக்கிய மறுநாள் கட்டை அவிழ்க்கும் வேளை மற்றொன்று. மங்கிய வில்லையை நீக்கிச் செயற்கை வில்லையை வைக்கச் சில நிமிடங்களே போதும். பல ஆண்டுகள் இருளில் இருந்த பாட்டி, அதுவரை குரலால் மட்டுமே அறிந்த பேரனின் முகத்தை அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறாள்!

உள்வளைந்த பாதங்களுடன் பிறந்த குழந்தைகளுக்கு டாக்டர் இக்னாசியோ பொன்செட்டி வகுத்த முறைப்படி வாரந்தோறும் மாவுக்கட்டை மாற்றி, பாதத்தைச் சிறிது சிறிதாகத் திருப்புகின்றனர். நேரான பாதத்தைத் தரையில் ஊன்றி அக்குழந்தை முதலடி வைக்கும்போது வார்டு முழுவதும் கைதட்டுகிறது.

எல்லாவற்றிலும் மேலானது ஒன்று உண்டு. முகத்தில் பெருங்கட்டி வளர்ந்ததால் ஊராரால் ஒதுக்கப்பட்டு, துணியால் முகத்தை மறைத்தபடி வருவோர் பலர். செவிலியர் அம்முகத்தை நேராக நோக்கி, கையைப் பற்றிப் பேசுகின்றனர். அறுவைக்குப் பின் கண்ணாடியில் தம் முகத்தைக் கண்டு அவர்கள் சிரிப்பது இரண்டாவது மகிழ்ச்சியே. மனிதராக மதிக்கப்பட்ட அந்த முதல் நாளே முதல் மகிழ்ச்சி அன்றோ!

ஆனால் எல்லோருக்கும் இந்நிலை வாய்ப்பதில்லை. நெடுந்தொலைவிலிருந்து நம்பிக்கையோடு வந்தவர்களில் பலரிடம், "உங்கள் நோய்க்கு இங்கே அறுவை செய்ய இயலாது" என்று சொல்லவேண்டிய கடமையும் செவிலியருக்கு உண்டு. புற்றுநோய் முற்றியவர்களின் வீடு தேடிச் சென்று, புண்ணைக் கழுவி, வலிக்கு மருந்து கொடுத்து, குடும்பத்தாருக்கு ஆறுதல் கூறுவதும் அவர்கள் பணியே. குணமாக்க முடியாத இடத்திலும் வலியைக் குறைக்க முடியும். தனிமையைப் போக்க முடியும். நோயாளி ஓர் இரவு அமைதியாக உறங்கினால் அதுவும் மகிழ்ச்சியே.

இவற்றிலிருந்து நாம் அறிவது என்ன? வார்டில் மலரும் மகிழ்ச்சி திடீரென வானிலிருந்து விழுவதன்று. மருத்துவரின் கத்தி சில மணி நேரமே வேலை செய்கிறது. அதற்கு முன்னும் பின்னும் பல நாட்கள் எடை பார்த்து, கட்டு மாற்றி, இரவு விழித்திருந்து செய்த சிறு சிறு பணிகளின் கனியே அம்மகிழ்ச்சி. குணமாகாதவரையும் கைவிடாத அன்பே அதன் வேர்.

அன்புத் தோழியரே! பார்வையற்றோரையும் தொழுநோயாளரையும் தொட்டுக் குணமாக்கிய நம் ஆண்டவர் இயேசு, நோயுற்றோரிடம் தம்மையே காணுமாறு நமக்குக் கற்பித்தார். செவிலியராகப் போகிறவர்கள் நம்மில் சிலரே இருக்கலாம். ஆனால் நம் வீட்டிலும் படுக்கையில் கிடக்கும் பாட்டியோ தாத்தாவோ இருக்கலாம். அவர்களுக்கு ஒரு வாய்க் கஞ்சி ஊட்டி, அருகில் அமர்ந்து அன்பாகப் பேசுவோம். கடல் கடந்து செல்வோர் காணும் அதே மகிழ்ச்சியை நாமும் காண்போம்.