மூத்த குழந்தையின் தொட்டில் இளையதற்கு ஆகுமா?

இரண்டாவது பிரசவத்துக்கு நாள் நெருங்கியதும் பரணிலிருந்து தொட்டில் இறங்கும். கூடவே மெத்தை, கடுகுத் தலையணை, ரப்பர் ஷீட், குடைபோல் விரியும் கொசுவலை. காசு மிச்சமாகும் என்பது மட்டுமல்ல, மூத்தது படுத்த இடத்திலேயே இளையதும் படுக்கட்டும் என்ற ஆசையும் அதில் இருக்கிறது. நல்ல ஆசைதான். ஆனாலும் அந்த மூட்டையைப் பிரித்துப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். உறுதியாக இருக்கும் சட்டத்தை வைத்துக்கொள்ளலாம். குழந்தையின் முகத்தருகே வரும் மெத்தையையும் தலையணையையும் கழித்துவிடலாம்.

மெத்தை

பிறந்த சில மாதங்களுக்குக் குழந்தையின் கழுத்துக்கு வலு போதாது. முகம் எதிலாவது புதைந்தால் தானாகத் தலையைத் திருப்பிக்கொள்ள முடிவதில்லை. இரண்டு வருடம் ஒரு குழந்தை படுத்த இலவம்பஞ்சு மெத்தையில் நடுவே பள்ளம் விழுந்திருக்கும். பஞ்சு மெத்தையானால் அங்கங்கே திரண்டும் கிடக்கும். அந்தப் பள்ளத்தில் முகம் பதிந்த குழந்தை, தான் விட்ட மூச்சையே மறுபடி இழுக்கும். ஆக்சிஜன் குறையும். அழுகைச் சத்தம்கூட வராது, பக்கத்தில் படுத்திருக்கும் தாய்க்கும் தெரியாது.

ஸ்காட்லாந்தில் நடந்த ஓர் ஆய்வு 2002இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியானது. வேறொரு குழந்தை பயன்படுத்திய மெத்தையில் வழக்கமாகப் படுத்த குழந்தைகளிடம், தூக்கத்தில் திடீரென நேரும் மரணம் அதிகமாக இருந்தது. அந்த மெத்தை வேறு வீட்டிலிருந்து வந்ததாக இருந்தால் தொடர்பு இன்னும் வலுவாகத் தெரிந்தது. மெத்தைதான் காரணம் என்று ஆய்வாளர்கள் முடிவுகட்டவில்லை. ஆனாலும் பணம் குறைவாக இருந்து ஒரே ஒரு பொருளைப் புதிதாக வாங்க முடியும் என்றால், அது மெத்தையாக இருக்கட்டும் என்பேன். வெயிலில் போட்டால் பழைய மெத்தையின் மூத்திர நாற்றம் போகும், பள்ளம் நிமிராது.

கையால் அழுத்திவிட்டு எடுங்கள். மெத்தை உடனே சமமாகாவிட்டால் வேண்டாம். அதைவிடப் பாயின் மேல் இறுக்கமாக விரித்த பருத்தித் துணி நல்லது.

கடுகுத் தலையணையைப் பற்றிச் சொன்னால் பாட்டிமாருக்கு வருத்தம் வரும். தலை உருண்டையாக வரட்டும் என்றுதான் அதை வைக்கிறார்கள். ஒரு வயது வரை குழந்தைக்குத் தலையணையே தேவையில்லை. தையல் விட்டால் கடுகு மூச்சுக்குழாய்க்குள் போகும் ஆபத்தும் இருக்கிறது. விழித்திருக்கும் நேரத்தில் பெரியவர்கள் பக்கத்தில் இருந்து சிறிது குப்புறப் போட்டு விளையாட்டுக் காட்டினால், தலையின் பின்புறம் தட்டையாவது குறையும்.

மரத்தொட்டில்

கம்பிகளுக்கு இடையே 6 செ.மீ.க்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது. இருந்தால் உடல் நழுவி வெளியே போக, தலை மாட்டிக்கொள்ளும். மெத்தைக்கும் சட்டத்துக்கும் நடுவே இரண்டு விரலுக்கு மேல் நுழையக் கூடாது. ஆடும் மூட்டையும் துருத்தும் ஆணியையும் தச்சரிடம் காட்டிச் சரிசெய்யலாம்.

பெயின்ட் சரிசெய்யக் கடினமான விஷயம். வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் பூசிய தொட்டிலில் எவ்வளவு ஈயம் இருக்கிறது என்று பார்த்துச் சொல்ல முடியாது. பல் முளைக்கும் குழந்தை விளிம்பைக் கடிக்கும். உள்ளே போகும் ஈயம் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் புதிதாகப் பூசிவிடலாம் என்று நினைக்காதீர்கள். அந்தத் தூசியே நஞ்சு, அதுவும் கர்ப்பிணி இருக்கும் வீட்டில். பெயின்ட் உரியும் பழைய தொட்டிலை விட்டுவிடுவதே நல்லது.

தூளி

தூளியில் குழந்தை வளைந்து படுக்கிறது. சிறு குழந்தையின் தாடை நெஞ்சில் இடித்தால் மூச்சுப் பாதை ஒடுங்கும். அதனால் சமமான, கெட்டியான பரப்பில் மல்லாக்கப் படுக்கவைக்கச் சொல்கிறார்கள் குழந்தை மருத்துவர்கள். தூளியில் ஆட்டித் தூங்கவைக்கும் வழக்கத்தை விட முடியாதவர்கள், கண் செருகியதும் தூக்கிக் கீழே படுக்கவைக்கலாம்.

மூத்த பிள்ளைக்குக் கட்டிய சேலை மடிப்பில் நைந்திருக்கும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். துருப்பிடித்த ஸ்பிரிங்கையும் தேய்ந்த கொக்கியையும் மாற்றிவிடுங்கள். புதிதாகக் கட்டியதும் 10 கிலோ அரிசிப் பையை வைத்து ஆட்டிப் பாருங்கள். குழந்தை புரளத் தொடங்கினால் தூளியை அவிழ்த்துவிட வேண்டும். இரண்டாவது குழந்தை உள்ள வீட்டில் இன்னொன்றும் உண்டு: தம்பியையோ தங்கையையோ ஆட்டிவிட மூத்தது ஓடி வரும், வேகம் அதற்குத் தெரியாது.

வெளிநாட்டிலிருந்து வருபவை

அமெரிக்காவில் இருக்கும் உறவினர் பழையதை அனுப்பினால், வாங்கும் முன் மாடலைத் தேடிப் பாருங்கள். ஒரு பக்கம் மேலும் கீழும் இறங்கும் தொட்டிலை விற்பதற்கு அங்கே 2011இல் தடை வந்தது. ஃபிஷர்-பிரைஸின் ராக் ’என் ப்ளே என்ற சாய்வுப் படுக்கை, குழந்தைகள் இறந்ததை அடுத்து 2019இல் திரும்பப் பெறப்பட்டது. சுமார் 47 லட்சம் படுக்கைகள். சாய்வுப் படுக்கைகளையும், தொட்டிலின் உள்சுற்றில் கட்டும் மெத்தைப் பட்டைகளையும் 2022இல் ஒரு சட்டம் தடைசெய்தது. நம் கொசுவலைப் படுக்கையோடு வரும் சின்னத் தலையணைகளையும் அதேபோல் எடுத்துவிடலாம்.

கழித்த மெத்தையை வீட்டுவேலைக்கு வரும் அக்காவிடம் கொடுத்துவிடாதீர்கள். அவர் வீட்டிலும் ஒரு கைக்குழந்தைதான் அதில் படுக்கும். உறையைக் கிழித்து, பஞ்சைப் பிரித்துக் குப்பையில் சேருங்கள்.