ஜிப்சிக்குப் பெரிய இன்ஜின் எதற்கு?

மாருதி ஜிப்சி வைத்திருக்கும் இரண்டு பேர் சந்தித்தால், பேச்சு சீக்கிரமே பலேனோ இன்ஜினுக்கு வந்துவிடும். இப்போது ஓடும் பலேனோ இல்லை, 1999 முதல் 2007 வரை விற்ற பழைய செடான். அதன் 1590 சிசி இன்ஜினும் ஜிப்சியின் பிந்தைய வடிவமான ஜிப்சி கிங்கின் 1298 சிசி இன்ஜினும் ஒரே சுசூகி குடும்பம். ஜிப்சியின் கியர் பாக்ஸோடு அதிக வெட்டு ஒட்டு இல்லாமல் உட்காரும். பிளாக் அலுமினியம் என்பதால் முன்பக்கம் எடையும் பெரிதாக ஏறாது. பட்டறைக்காரர்களின் கணக்கில் இது கஷ்டமான வேலையே அல்ல. சென்னையை அடுத்த கேளம்பாக்கம், திருப்போரூர், வண்டலூர் வட்டாரத்தில் வார இறுதியில் மண்ணில் வண்டி இறக்கும் இளைஞர்களுக்கு இந்த ஆசை வருவதில் வியப்பில்லை. ஆனால் ‘பிக்கப் பத்தல’ என்ற குறைக்கு இன்ஜின்தான் மருந்தா என்பதை முதலில் பார்க்க வேண்டும். இல்லை என்பதே என் முடிவு. சேற்றிலும் மேட்டிலும் ஜிப்சி திணறினால் மாற்ற வேண்டியது இன்ஜினை அல்ல, பல்சக்கரங்களை.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். எம்பிஎஃப்ஐ (பெட்ரோலைப் பீய்ச்சும் முறை) ஜிப்சியின் முறுக்குவிசை 103 நியூட்டன் மீட்டர். பழைய பலேனோவுடையது ஏறத்தாழ 130. கால் பங்குக்குச் சற்று மேல் கூடுகிறது, அவ்வளவுதான். ஜிப்சியில் கியர் பாக்ஸுக்குப் பின்னால் டிரான்ஸ்ஃபர் கேஸ் என்று இன்னொரு பெட்டி இருக்கிறது. ஃபோர் வீலில் ‘லோ’ போட்டால் அதன் விகிதம் சுமார் 2.27. இதே வண்டியின் அமெரிக்க வடிவமான சுசூகி சாமுராய்க்கு, இந்த விகிதத்தை 4.16 ஆக்கும் பல்சக்கரத் தொகுதிகள் பல ஆண்டுகளாக விற்பனையில் உள்ளன. அதைப் போட்டால் சக்கரத்துக்கு வரும் முறுக்குவிசை எண்பது சதவீதத்துக்கும் மேல் கூடும், அதுவும் இருக்கிற இன்ஜினை வைத்துக்கொண்டே. இறக்கத்தில் பிரேக்கை மிதிக்காமல் இன்ஜினே வண்டியைப் பிடித்து நிறுத்தும் குணமும் இதனால் கூடும். இன்ஜின் மாற்றத்தால் அந்த அளவுக்குக் கூடாது. மணலில் சக்கரம் வேகமாகச் சுழல வேண்டும், அங்கே குதிரைத்திறன் உதவும் என்பார்கள். உண்மைதான். ஆனால் டயரில் காற்றை 15 பிஎஸ்ஐ அளவுக்கு இறக்கினாலே ஆயிரம் கிலோ அளவிலான இந்த வண்டி மணலில் மிதந்து போகும். அதற்குச் செலவு ஒன்றுமில்லை. (கோவளம் பக்கத்துக் கடற்கரையில் ஆமை முட்டையிடும் ஜனவரி முதல் மார்ச் வரை வண்டியை மணலில் இறக்கவே கூடாது என்பது வேறு விஷயம்.)

‘மாருதியே இன்ஜினைப் பெரிதாக்கவில்லையா?’ என்ற கேள்வி நியாயமானது. 1985 டிசம்பரில் வந்த ஜிப்சிக்கு 970 சிசி, 45 குதிரைத்திறன்தான். 1996-இல் ஜிப்சி கிங்கில் 1298 சிசி, 60 குதிரைத்திறன். 2000-இல் எம்பிஎஃப்ஐ வந்தபோது 80. ஆனால் நிறுவனம் எந்த வரிசையில் போனது என்று கவனியுங்கள். முதலில் 1993-இல் சக்கரங்களுக்கு இடையிலான அகலத்தை 90 மில்லிமீட்டர் கூட்டி, வண்டி கவிழும் பயத்தைக் குறைத்தார்கள். அதன் பிறகே பெரிய இன்ஜின், கூடவே ஐந்து கியர் பெட்டி. 80 குதிரைத்திறன் தந்தபோது பிரேக்குக்கு பூஸ்டரும் சேர்ந்து வந்தது. தனியார் பட்டறையில் நடக்கும் மாற்றம் பெரும்பாலும் இன்ஜினோடு நின்றுவிடுகிறது. பின்சக்கரத்தில் அதே டிரம் பிரேக், அடியில் அதே பட்டை ஸ்பிரிங், 2375 மில்லிமீட்டர் என்ற அதே குட்டை வீல்பேஸ். ஓ.எம்.ஆர்., ஈசிஆர் சாலைகளில் நான்கு பேரோடு ஏசி போட்டுக்கொண்டு முந்திச் செல்ல முடியவில்லை என்ற குறை மெய்யானது; பெரிய இன்ஜின் உண்மையிலேயே பயன் தரும் இடமும் அதுதான். ஆனால் உயரமான, வீல்பேஸ் குட்டையான வண்டிக்கு வேகத்தைக் கூட்டுவது அதன் பலவீனமான இடத்தில் போய் பாரம் ஏற்றுவது.

அடுத்தது சட்டம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவுப்படி, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து வேறுபடும்படி உரிமையாளர் வண்டியை மாற்றக் கூடாது. சிசி, இன்ஜின் எண் இரண்டுமே ஆர்.சி.யில் இருப்பவை. 2019 ஜனவரியில் கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டின் சட்டத் திருத்தம், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. பழுதான இன்ஜினுக்குப் பதிலாக அதே வகை இன்ஜினைப் போட்டு, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிந்துகொள்ளலாம்; ஆனால் ஜிப்சியில் பலேனோ இன்ஜின் அந்தக் கணக்கில் வராது. விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனம் கைவிரிக்கவும் இது வழி செய்யும். பல்சக்கர விகிதத்துக்கோ ஆர்.சி.யில் கட்டமே கிடையாது.

சட்டம் முரட்டுத்தனமானது என்று ஆர்வலர்கள் சொல்வதில் எனக்குப் பாதி உடன்பாடு உண்டு. காரணம் சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. அதே 52-ஆவது பிரிவு, அங்கீகாரம் பெற்ற கிட் பொருத்தி பெட்ரோல் வண்டியைச் சிஎன்ஜிக்கோ பேட்டரிக்கோ மாற்ற இடம் தருகிறது. ஐஐடி டில்லியில் உருவான ஒரு சிறு நிறுவனம் மின்சார வண்டியாக மாற்றிய ராணுவ ஜிப்சி ஒன்று, 2023 ஏப்ரலில் ராணுவத் தளபதிகள் மாநாட்டில் காட்டப்பட்டது. இன்ஜினையே கழற்றிவிட்டு மோட்டார் வைப்பது 300 சிசி கூட்டுவதைவிடப் பெரிய மாற்றம். அதை ஏற்க முடிகிறதென்றால், பிரச்சினை மாற்றத்தில் இல்லை, யாரும் சோதிக்காத மாற்றத்தில்தான் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் வண்டியின் எடையை வைத்து இன்ஜினின் உச்ச அளவை விதியே சொல்கிறது. பொறியாளர் ஒருவர் பிரேக் உட்பட எல்லாவற்றையும் பார்த்துச் சான்று தருகிறார். நமக்கும் சோதனைக்கூடம் இல்லாமல் இல்லை. கேளம்பாக்கத்திலிருந்து வண்டலூர் தாண்டி ஒரகடம் போனால் மத்திய அரசின் வாகன ஆய்வு மையம் இருக்கிறது. கட்டணம் வாங்கிக்கொண்டு தனி வண்டிகளையும் அங்கே சோதித்துச் சான்று தர மத்திய அரசு விதி வகுக்க வேண்டும். அது வரும்வரை, ஜிப்சிக்காரர்கள் பலேனோ இன்ஜினுக்கு வைத்திருக்கும் பணத்தை டிரான்ஸ்ஃபர் கேஸுக்கும் நல்ல டயருக்கும் பிரேக்குக்கும் செலவிடட்டும்.