பொம்மை ரயில் செய்யும் கைகளுக்கு



கொலுப்படிக்குப் பக்கத்தில் பூங்கா, குளம், ரயில் நிலையம் என்று அமைக்கிற வீடுகள் உண்டு. அதற்காகப் பொம்மை ரயிலும் தண்டவாளமும் செய்து விற்கும் குழுக்களுக்கு ஆடி, ஆவணியில் ராத்திரி வரை வேலை இருக்கும். பெரிய மிஷின் ஒண்ணும் இல்லை; கத்தி, பசை, சால்டரிங் அயன் அவ்வளவுதானே, இதில் என்ன ஆபத்து என்று தோன்றும். ஆனால் விரலில் ஆழமாக வெட்டுப்பட்டால் பல நாள் வருமானம் போச்சு. கடன் தவணை மட்டும் நிற்காது.

முதலில் கத்தி. அரிவாள்மனையில் கத்தி நிற்கும், காய் நகரும். இங்கே அட்டையும் மரப்பட்டையும் நிற்கும், கத்தி நகரும். அதனால் மடியில் வைத்து வெட்டவே கூடாது. தொடையில் இறங்கினால் ரத்தம் நிற்பது கஷ்டம். பலகை மேல் வைத்து, இரும்பு ஸ்கேல் பிடித்து, உடம்புக்கு எதிர்ப்பக்கமாக வெட்டுங்கள். மழுங்கின பிளேடுதான் அதிகம் வெட்டும். அழுத்துகிறோம், அது வழுக்கிவிடுகிறது. பிளேடு மாற்றச் சோம்பல் வேண்டாம்.

வெட்டுப்பட்டால் காபித்தூள், சுண்ணாம்பு எதுவும் வைக்காதீர்கள். சுத்தமான துணியால் பத்து நிமிடம், நடுவில் திறந்து பார்க்காமல் அழுத்திப் பிடியுங்கள். விரல் மடங்கவில்லை, மரத்துப் போச்சு என்றால் நரம்போ தசைநாணோ அறுந்திருக்கலாம்; அன்றைக்கே ஆஸ்பத்திரி போக வேண்டும்.

அடுத்தது ஃபெவிக்விக் போன்ற பசை. விரல் ஒட்டிக்கொண்டால் வெடுக்கென்று இழுத்தால் தோல் கிழியும். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து மெல்ல உருட்டிப் பிரியுங்கள். பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று: இந்தப் பசை பருத்தித் துணியில் கொட்டினால் சூடேறி தோலைச் சுட்டுவிடும். முந்தானையில் துடைக்கிற பழக்கம் இங்கே ஆகாது. கண்ணில் பட்டு இமை ஒட்டினால் நீங்களே பிரிக்கப் பார்க்காமல் கண் டாக்டரிடம் போங்கள்.

மோட்டாருக்கு ஒயர் பற்றவைக்கும் சால்டரிங் அயனின் முனை 300 டிகிரிக்கு மேல் சுடும். கீழே விழுந்தால் பிடிக்கப் போகாதீர்கள், விழட்டும். சுட்டுவிட்டால் வளையல், மோதிரத்தைக் கழற்றி, 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். பேஸ்ட், மை, நெய் வேண்டாம்.

சாதாரண சால்டர் கம்பியில் பெரும்பாலும் ஈயம் இருக்கும். எழும்பும் புகை பிசினுடையது, அது இழுப்பு உள்ளவர்களுக்கு ஆகாது. ஈயமோ கையில் ஒட்டிக்கொண்டு வாய் வழியாக உள்ளே போகிறது. வெற்றிலை போடும் முன், பிள்ளைக்கு ஊட்டும் முன் சோப்பு போட்டுக் கழுவ வேண்டும். மாசமா இருக்கிறவங்க இந்த வேலையில் உட்கார வேண்டாம். அவர்களுக்கு வண்ணம் தீட்டுகிற வேலை கொடுத்தால், ஈயம் கலக்காத பெயிண்ட்தானா என்று டப்பாவைப் பார்த்துக் கொடுங்கள். ஈயமில்லாத கம்பியும் கிடைக்கிறது. விலை கூடுதல்தான், ஆனாலும் குழு வாங்கலாம்.

கடைசியாக, ரயில் விளக்குக்குப் போடும் பொத்தான் பேட்டரி. குழந்தை விழுங்கிவிட்டால் 2 மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயை அரித்துவிடும். வாந்தி எடுக்க வைக்காமல், காத்திருக்காமல், 108-க்கு போன் செய்யுங்கள். தீர்ந்த பேட்டரிக்கும் அந்த வீரியம் உண்டு. மூடியுள்ள டப்பாவில் போட்டு, பிள்ளைகளுக்கு எட்டாத பரணில் வையுங்கள்.